கறுப்புக் காருக்கு வீட்டிலேயே பாலிஷ் போடலாமா?

தாராளமாகப் போடலாம், தம்பி. ஆனால் நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. நீங்கள் எழுதியது இதுதான்: மதுரை ஒத்தக்கடையில் வீடு, ஐந்து வயதான கறுப்புக் கார், பகலெல்லாம் வேப்பமரத்தடியில் நிற்கிறது, தினமும் காலையில் வாட்ச்மேன் மஞ்சள் துணியால் துடைத்து வைக்கிறார், போர் தண்ணீர் காய்ந்து பானட்டெல்லாம் வெள்ளைத் திட்டுகள், வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கோடுகள். பெயிண்டின் மேல் இறுகி நிற்கும் காப்புப் பூச்சான செராமிக் கோட்டிங் போட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். நீங்களோ மெஷின் வாங்கி நீங்களே செய்து பார்க்க ஆசைப்படுகிறீர்கள். எந்த மெஷின், கீறலைத் தேய்த்து எடுக்கும் பசையான காம்பவுண்டில் எது என்பது உங்கள் கேள்வி. அந்தக் கோடுகள் எப்படி விழுந்தன என்பதிலிருந்து நான் தொடங்குகிறேன். அது புரியாமல் பாலிஷ் போட்டால் சில வாரங்களில் அதே கோடுகள் திரும்பி வரும். மறுபடி பாலிஷ், மறுபடி கோடு என்று போனால், தேய்ப்பதற்கே ஒன்றும் மிஞ்சாத நிலை வந்துவிடும்.

காரின் தகட்டின் மேல் மின்முறையில் ஏற்றிய துருத்தடுப்புப் பூச்சு இருக்கிறது. அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும் காரில் இவை அனைத்தும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கிளியர் கோட்டின் பங்கு அதில் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், எவ்வளவு மெல்லிய தோலின் மேல் கை வைக்கப் போகிறீர்கள் என்பது விளங்கும். பளபளப்பும் அதில்தான் இருக்கிறது. நம் ஊர் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து நிறத்தைக் காப்பாற்றும் வேதிப்பொருளும் அதில்தான் இருக்கிறது. வெள்ளிக் குத்துவிளக்கைத் துலக்கத் துலக்க எடை குறைவதுபோல, ஒவ்வொரு பாலிஷும் இதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். காம்பவுண்ட் போட்டு அழுத்தித் தேய்த்தால் சில மைக்ரான் போய்விடும். காரின் ஆயுள் முழுவதற்கும் சேர்த்துப் பத்து மைக்ரானுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் எல்லை. பழைய கார்களின் கூரையிலும் பானட்டிலும் தோல் உரிந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிளியர் கோட் வெயிலுக்குத் தோற்றுப்போனதன் அடையாளம் அது. அந்த நிலைக்கு வந்த பிறகு எந்தப் பாலிஷும் உதவாது; பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி.

உங்கள் கண்ணுக்குத் தெரியும் வட்டக் கோடுகள் உண்மையில் வட்டம் அல்ல. கிளியர் கோட்டின் மேல் ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. அவற்றில் ஒளி வரும் திசைக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. மற்றவை இருட்டில் நிற்கின்றன. அதனால்தான் சூரியனின் பிரதிபலிப்பைச் சுற்றி வளையம் வளையமாகத் தோன்றுகிறது. தலையைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள், வளையமும் கூடவே நகரும். ஆகவே ‘வட்டமாகத் துடைத்ததால்தான் வந்தது’ என்று துடைத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தத் திசையில் துடைத்தாலும், துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே ஒரு மணல்துகள் இருந்தால் கீறல் விழும். இதே கீறல்கள் வெள்ளைக் காரிலும் இருக்கும். வெள்ளை நிறம் மறைக்கிறது, கறுப்பு காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

நம் பக்கத்துத் தூசியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நீங்கள் இருப்பது மேலூர்ச் சாலையில். அந்தப் பக்கம் கிரானைட்டுக்குப் பேர்போன பகுதி. கிரானைட்டில் பெரும்பங்கு குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்சின் கடினம் 7. சாதாரணக் கத்தி எஃகையே கீறக்கூடியது அது. கிளியர் கோட் என்பது பிளாஸ்டிக் வகைப் படலம். செம்மண் தூசியிலும் இதே குவார்ட்ஸ் மணல்தான் பரவிக் கிடக்கிறது. திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணின் குணம் வேறு. மழையில் அப்பிக்கொண்டால் விடாது. காய்ந்த பிறகு கையால் பெயர்க்கப் போனால் பெயிண்டையும் சேர்த்து உராய்ந்துவிடும். இப்படிப்பட்ட தூசியின் மேல் உலர்ந்த துணியை வைத்து இழுப்பதும் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பதும் ஒன்றுதான்.

அதனால் உங்கள் முதல் செலவு மெஷின் அல்ல. வாட்ச்மேனிடம் மரியாதையாக, ‘அண்ணே, இனி என் வண்டியைத் துடைக்க வேண்டாம், மாதச் சம்பளம் வழக்கம்போல வரும்’ என்று சொல்லிவிடுங்கள். அவர் பிழைப்பில் கை வைக்காமல் பெயிண்டைக் காப்பாற்ற இதுவே வழி. கண்ணாடிகளையும் டயர்களையும் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அவருக்கும் நிறைவாக இருக்கும். நம் வட்டாரத்துக் கார் பிரியர்கள் கூடினால் எந்த மெஷின், எந்த வேக்ஸ் (மெழுகுப் பூச்சு) என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். காரை எப்படிக் கழுவுவது என்று பேசுவோர் குறைவு. என் பார்வையில் பெயிண்ட் பராமரிப்பில் முக்கால் பங்கு கழுவுவதில்தான் இருக்கிறது.

கழுவும்போது இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். முதலில் குழாயாலோ பிரஷர் வாஷராலோ தூசியும் மண்ணும் தானாக வழிந்தோடும் வரை நனைக்க வேண்டும். நீர் கொண்டு போகக்கூடிய மண்ணைக் கையால் தொடவே கூடாது. அதன் பிறகு மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பு வாளியில் நனைத்துக் கூரையிலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீர் வாளியில் அலசி, மண்ணை அங்கே விட்டுவிட்டு மறுபடி ஷாம்புக்குப் போக வேண்டும். கதவுகளின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசி. சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் பானட்டுக்கு வந்துவிடக் கூடாது. துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், கரையாத மணிகளே கீறும். பாத்திரம் கழுவும் திரவம் பெயிண்டைத் தின்றுவிடாது. ஆனால் மேலே போட்ட வேக்ஸைக் கழற்றிவிடும். பழைய வேக்ஸை எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் அன்று மட்டும் அதைப் பயன்படுத்தலாம். ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் எண்ணெய் துடைக்கத்தான். அதன் தையலும் அதில் ஒட்டியிருக்கும் உலோகத் துகளும் பெயிண்டுக்கு ஆகாது.

தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில் இவ்வளவும் முடியாது என்பீர்கள். நியாயம்தான். அலசத் தேவையில்லாத ஷாம்பு வகைகள் இப்போது கிடைக்கின்றன. எட்டு, பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு காரை முடித்துவிடலாம். அதிலுள்ள வழவழப்பான பாலிமர் தூசியைச் சூழ்ந்து தூக்கிவிடுகிறது. வெறும் தூசிக்கு அது போதும். சேறு அப்பிய காருக்கு அது உதவாது.

அடுத்து, வெள்ளைத் திட்டுகள். அது உங்கள் உப்புத் தண்ணீரின் வேலை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும், நீர் ஆவியான பின் உப்பாகத் தங்கிவிடுகின்றன. வெயிலில் காய்ந்தால் அந்தச் சொட்டின் விளிம்பு கிளியர் கோட்டை அரித்தும்விடும். மேலாகப் படிந்த திட்டுக்கு வினிகரும் கேன் தண்ணீரும் சரிபாதி கலந்து, நிழலில், சூடு இல்லாத தகட்டில் துணியை நனைத்து ஓரிரு நிமிடம் வைத்து எடுத்து, உடனே நன்றாக அலசுங்கள். பெரும்பாலும் கரைந்துவிடும். கரைந்த பிறகும் சொட்டின் வட்டம் தெரிந்தால் அது அரிப்பு, பாலிஷில்தான் போகும். இனி வராமல் இருக்க ஒரு எளிய ஏற்பாடு உண்டு. உப்புத் தண்ணீரிலேயே கழுவுங்கள், ஆனால் கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்யுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து, தூசி இல்லாமல் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். அது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த நீர், உப்பு ஏறக்குறைய இருக்காது. அது இல்லையென்றால் ஒரு இருபது லிட்டர் கேன் போதும். ஊற்றி முடித்ததும், தானாகக் காயவிடாமல், தடித்த மைக்ரோஃபைபர் துவாலையை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள்.

வேப்பமரத்தின் கீழே நிறுத்துவது பற்றி: நிழல் நல்லது, ஆனால் ஆனி, ஆடியில் பழம் பழுக்கும்போது மைனாவும் காகமும் அங்கேதான் குடியிருக்கும். எச்சம் விழுந்து வெயில் ஏறினால் கிளியர் கோட் இளகி விரிகிறது. மாலையில் குளிர்ந்து சுருங்கும்போது, காய்ந்து இறுகிய எச்சத்தின் வடிவத்திலேயே சுருங்கிவிடுகிறது. எச்சத்தின் ரசாயனமும் சேர்ந்துகொள்ள, ஒரே பகலில் தடம் பதிந்துவிடும். பார்த்தவுடன் ஈரத் துணியைச் சில நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்கி எடுத்துவிடுங்கள். காருக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு துணியும் எப்போதும் இருக்கட்டும். மரத்தைப் பார்த்துப் பயந்து கவர் வாங்கிப் போடுபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. தூசி படிந்த காரின் மேல் கவரைப் போட்டால், காற்று அடிக்கும் ஒவ்வொரு முறையும் கவரே துடைக்கும் துணியாகிவிடுகிறது. கழுவிய காருக்கு மட்டும்தான் கவர்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் வாரக்கணக்கில் விட்டுவைத்துப் பிறகு நகத்தால் சுரண்டுவது நம் ஊரில் சகஜம். சாமி காரியம் குறைவில்லாமல் நடக்கட்டும். மறுநாள் காலை ஈரத் துணி போட்டு ஊறவைத்து எடுத்துவிட்டால் போதும். உங்கள் அக்காவின் வெள்ளைக் காரில் மஞ்சள் கறை போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் காம்பவுண்ட் எடுக்க வேண்டாம். மஞ்சளின் நிறப்பொருள் சூரிய ஒளி பட்டால் சிதைந்து வெளுத்துவிடும். கழுவிவிட்டுச் சில நாள் வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி பாலிஷுக்கு வருவோம். கழுவிய காரின் மேல், மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். ரயில் பாதையோரம் நிறுத்தும் கார்களில் இரும்புத் தூள் ஏறி, கிளியர் கோட்டில் குத்திக்கொண்டு நிற்கும். இரும்பை நீக்கும் திரவத்தைத் தெளித்தால் அந்தப் புள்ளிகள் ஊதா நிறமாகி வழியும். நாற்றம் பொறுக்காது, ஆனால் வேலை சுத்தம். காயவிடாமல் அலசிவிட வேண்டும். புதிதாகச் சாலை போட்ட இடத்தில் ஒட்டிய தார்ப் புள்ளிகளுக்குத் தார் நீக்கும் திரவம் இருக்கிறது. அதன்பின் கிளே எனப்படும் களிமண் போன்ற கட்டியை, வழவழப்புக்கு ஷாம்பு தண்ணீர் தெளித்துக்கொண்டு, அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். அது கீழே விழுந்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கீறலின் ஆழத்தை அறிய நகத்தின் நுனியைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷில் தீரும் ஆழம் அல்ல. முடிந்தால் பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி ஒன்றை நண்பர்கள் சேர்ந்து வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது கார்களைப் பாலிஷ் போட்டுப் பராமரிக்கும் தெரிந்த டீட்டெய்லிங் கடையில் அளந்து வாருங்கள். 100 முதல் 150 வரை காட்டினால் பெரும்பாலும் கம்பெனி பெயிண்ட். 200, 300 என்று ஏறினால் மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதற்கும் மேலே போனால் உள்ளே பட்டி இருக்கிறது. பழைய கார் வாங்கும்போதும் விபத்துக் கதையை இந்தக் கருவி மறைக்காமல் சொல்லிவிடும். சாதாரணக் கருவி பிளாஸ்டிக் பம்பரில் அளக்காது. சமீபத்தில் டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடித்த பகுதி இருந்தால், உள்ளே உள்ள தின்னர் முழுவதும் வெளியேற ஒன்றிலிருந்து மூன்று மாதம் விட்டுப் பிறகுதான் வேக்ஸோ கோட்டிங்கோ போட வேண்டும்.

மெஷின் விஷயத்தில் என் பதில் உறுதியானது: டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் மட்டும். அது ஒரே நேரத்தில் தானும் சுழன்று, மையம் விலகியும் சுற்றுவதால் ஓரிடத்தில் சூடு குவியாது. அழுத்தம் அதிகமானால் சுழல்வது நின்றுவிடுமே தவிரப் பெயிண்டைச் சுட்டுவிடாது. 15 மில்லிமீட்டர் வீச்சும் (மையம் விலகிச் சுற்றும் அகலம்) ஐந்து அங்குல பேடும் (மெஷினில் மாட்டும் ஃபோம் வட்டு) உள்ளது வீட்டுக்கு ஏற்றது. 21 மில்லிமீட்டர் வீச்சுள்ளது பானட், கூரை போன்ற அகன்ற பரப்பில் வேகமாக வேலை செய்யும், வளைவுகளில் சிரமம். ஒரே மையத்தில் மட்டும் சுழலும் ரோட்டரி மெஷின் கைதேர்ந்தவர்களுக்கானது. அவர்களிடம் அது அற்புதம் செய்யும். புதியவர் கையில் ஒரு விளிம்பைச் சுட்டுவிட ஒரு நொடி போதும். வெல்டிங் பட்டறை கிரைண்டரில் பேடை மாட்டிப் பாலிஷ் போடுவதை நம் ஊரில் பல இடங்களில் பார்க்கிறேன். அது நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வரை ஓடும் கருவி. ரோட்டரி பாலிஷரே பெரும்பாலும் 3,000, 3,500க்கு மேல் போவதில்லை. கிரைண்டர் காருக்குப் பக்கத்தில்கூட வரக் கூடாது.

காம்பவுண்டில் எந்தக் கம்பெனி என்பது பெரிய விஷயமல்ல. 1901-இல் மரச்சாமான் பாலிஷில் தொடங்கிய மெக்வையர்ஸ், ஜெர்மனியின் மென்செர்னா, 3எம் எல்லாமே நல்லவை. ஒரே கம்பெனியின் கட்டிங் காம்பவுண்ட் ஒன்று, ஃபினிஷிங் பாலிஷ் ஒன்று. மூன்று நடுத்தர ஃபோம் பேடுகள், இரண்டு மென்மையான பேடுகள், பத்துப் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணிகள். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். பேடு எண்ணிக்கையில் சிக்கனம் பார்க்காதீர்கள். அழுக்கேறிய பேடு புதுக் கீறல் போடும்.

பானட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தை டேப் ஒட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் மென்மையான பேடும் ஃபினிஷிங் பாலிஷும். போதவில்லை என்றால் நடுத்தரப் பேடு. அதுவும் போதாவிட்டால்தான் காம்பவுண்ட். எந்தக் கூட்டணி உங்கள் பெயிண்டுக்குப் பொருந்துகிறது என்பது அந்தச் சதுரத்திலேயே தெரிந்துவிடும். ஜப்பான் கார் பெயிண்ட் மென்மை, ஜெர்மன் கார் பெயிண்ட் கடினம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஓரளவு உண்மை, ஆனால் அதை நம்பிக் காம்பவுண்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தச் சதுரம் சொல்வதைக் கேளுங்கள். எல்லாக் கீறலும் போக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். பத்தில் எட்டுப் போய்விட்டால் மற்றவற்றை விட்டுவிட்டு கிளியர் கோட்டை மிச்சப்படுத்துவதுதான் அறிவுள்ள வேலை.

பேடில் பட்டாணி அளவு நான்கைந்து சொட்டு. மெஷினைப் பெயிண்டின் மேல் வைத்த பிறகுதான் ஓடவிட வேண்டும். இல்லையென்றால் சுவரெல்லாம் பாலிஷ். குறைந்த வேகத்தில் பரப்பி, பின் மெஷினின் வேகத் திருகில் நான்கு அல்லது ஐந்தாம் எண்ணில், நொடிக்கு ஓரங்குலம் என்ற நிதானத்தில், ஒரு பாதையின் பாதி அடுத்த பாதையின் மேல் ஏறும்படி நெடுக்கும் குறுக்கும் நான்கு முதல் ஆறு முறை போங்கள். பேடின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடு சுழல்வது தெரியும் வரை அழுத்தம் சரி. நின்றுவிட்டால் நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள் அல்லது பேடு சாய்ந்திருக்கிறது. பேடில் காரின் நிறம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். பழைய அம்பாசிடர், பத்மினி போன்றவற்றில் நிறமே மேல்பூச்சு என்பதால் ஏறுவது இயல்பு. உங்கள் காரில் கறுப்பு ஏறினால் உடனே நிறுத்திவிட வேண்டும். கிளியர் கோட் தீர்ந்துவிட்டது அல்லது யாரோ வேறு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். கதவு விளிம்பு, பானட்டின் மடிப்புக் கோடு, டிக்கி ஓரம் ஆகிய இடங்களில் பெயிண்ட் மெல்லியது. அவற்றுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பெயிண்ட் இல்லாத கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களுக்கும் ஒட்டுங்கள், காய்ந்த பாலிஷ் அதில் வெள்ளையாக ஏறினால் எளிதில் போகாது.

நம் ஊர் வெயில் இந்த வேலைக்கு எதிரி. சூடான தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்து, வெட்டாமல் இழுக்கும். சித்திரை, வைகாசியில் தொடாதீர்கள். ஆடியில் காற்று மணலை வாரிப் போடும். மார்கழி, தை மாதக் காலை நேரம், மூன்று பக்கமும் மறைப்புள்ள போர்ட்டிகோ, கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் தகடு, இதுதான் வேளை. பரப்பையும் இரண்டடிக்குப் பதில் ஒன்றரை அடியாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். தரை ஈரமாக இருக்கும்போது மெஷினை எடுக்க வேண்டாம். ஒயரைத் தோளின் மேல் போட்டுக்கொண்டால் பெயிண்டிலும் உரசாது, காலிலும் சிக்காது. முழுக் காரையும் ஒரே நாளில் முடிக்கும் ஆசையும் வேண்டாம். ஒரு காலை பானட்டும் மட்கார்டும், மறு காலை கதவுகள் என்று பிரித்துக்கொள்ளலாம்.

செய்த வேலையை டியூப்லைட்டில் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், அந்தப் பரந்த ஒளியில் கீறல் தெரியாது. எல்.இ.டி. டார்ச்சால் ஒரு புள்ளியாக அடித்துப் பாருங்கள். அதற்கு முன் ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு சுத்தமான தண்ணீர் கலந்து துடைக்க வேண்டும். பல பாலிஷ்களில் எண்ணெய் இருக்கிறது. அது கீறலை நிரப்பி மறைத்துவிட்டு, இரண்டு கழுவலில் போய்விடும். சில கடைகளில் டெலிவரி எடுக்கும்போது கண்ணாடிபோல் இருந்து அடுத்த மாதமே பழைய கோலத்துக்குத் திரும்பும் காரின் ரகசியம் இதுதான். எண்ணெயை எடுத்த பின்னும் பெயிண்ட் தெளிவாக நின்றால்தான் கீறல் உண்மையில் போயிருக்கிறது. கறுப்பில் காம்பவுண்டுக்குப் பிறகு மெல்லிய மங்கல் தெரியும். மென்மையான பேடில் ஃபினிஷிங் பாலிஷ் போட்டால் அந்த ஆழ்ந்த கருமை வந்துவிடும். அந்தக் கருமையைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

பாலிஷ் போட்ட பெயிண்ட் வெறுமையாக இருக்கிறது. அதற்கு ஒரு காப்பு வேண்டும். பிரேசில் நாட்டின் பனை இலையிலிருந்து வரும் கார்னாபா வேக்ஸ் கறுப்புக்குக் கொடுக்கும் மினுமினுப்புத் தனி அழகு. ஆனால் வெயிலில் நின்று கொதிக்கும் நம் ஊர்ப் பானட்டில் அது நெடுநாள் தாங்காது. செயற்கைப் பொருளால் ஆன காப்புப் பூச்சான சிந்தெட்டிக் சீலன்ட் சில மாதம் நிற்கும். வீட்டில் செய்பவருக்கு என் பரிந்துரை அதுதான்.

கடைக்காரர் சொன்ன செராமிக் கோட்டிங் மோசமானதல்ல. நல்லதாகப் போட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும், அழுக்கு எளிதாகக் கழன்றுவிடும், ரசாயனத்தைத் தாங்கும். ஆனால் அது கீறலை எடுக்காது. கீறலின் மேலேயே போட்டால் கீறலைப் பூட்டி வைத்ததாகத்தான் ஆகும். முதலில் பாலிஷ் போட்டே ஆக வேண்டும். ‘9எச் கடினம்’ என்று சொல்வது பென்சில் அளவுகோல். எந்தக் கடினத்துப் பென்சில் முனை அந்தப் பரப்பைக் கீறுகிறது என்பதைச் சோதிப்பது. மோஸ் அளவுகோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேலூர்த் தூசியின் குவார்ட்ஸ் அதையும் கீறும். கோட்டிங்கின் தடிமன் ஓரிரு மைக்ரான்தான், கல் தெறித்தால் தடுக்காது. கல் தெறிப்பைத் தடுக்க வேண்டுமானால் 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியுரித்தேன் ஃபிலிம் ஒட்ட வேண்டும். நான்குவழிச் சாலையில் அடிக்கடி போகிறவர் என்றால் முன் பம்பருக்கும் பானட்டுக்கும் மட்டும் ஒட்டலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். கோட்டிங் போட்ட காரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது அல்லவா? அது உப்புத் தண்ணீராக இருந்து அப்படியே காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளைப் புள்ளி. நல்ல தண்ணீர் அலசல் பழக்கமாகாத வீட்டில் கோட்டிங் பணம் வீண். டெஃப்ளான் கோட்டிங் என்ற பெயரில் விற்பதை நம்பாதீர்கள். அந்தப் பொருள் தோசைக்கல்லில் பிடித்து நிற்க 300 டிகிரிக்கு மேல் சூடு தேவை, எந்தக் காரின் கதவும் அந்தச் சூட்டைப் பார்ப்பதில்லை.

கடைசியாக, இடது பின் கதவில் சாவி இழுத்த கோடு. நகம் மாட்டுகிறது, வெள்ளையாகத் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நகமும் மாட்டி வெள்ளையாகவும் தெரிந்தால் பெரும்பாலும் நிறத்தைத் தாண்டி பிரைமர் வரை போயிருக்கிறது. அதன்மேல் மெஷினை ஓட்டினால் இருபுறமும் உள்ள நல்ல கிளியர் கோட் தேயுமே தவிரக் கோடு போகாது. கதவுத் தூணிலோ பானட்டின் அடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் நிறத்தின் குறியீட்டு எண் இருக்கும். அதைக் காட்டி டச்-அப் பெயிண்ட் வாங்குங்கள். கோட்டை ஆல்கஹாலால் துடைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியால் மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்ததை நிரப்புங்கள். மேலே கிளியர். ஒரு வாரம் விட்டு அந்த இடத்தை மட்டும் கையால் மெதுவாகப் பாலிஷ் செய்யுங்கள். அருகில் போய்ப் பார்த்தால் தெரியும், நான்கடி தள்ளி நின்றால் தெரியாது. அந்தக் கதவுக்கு அது போதும். முழுக் கதவுக்கும் பெயிண்ட் அடித்துக் கம்பெனி பூச்சை இழக்க வேண்டியதில்லை.